எண்ணெய்க் கணக்கு – 9: மீண்டும் இரண்டு கோடி டன்

முன்கதை: 1973 அக்டோபர்ப் போருக்கு முன் பேரல் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. இதற்கிடையே, பெட்ரோல் விலையேற்றத்தைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1974 பிப்ரவரியில், பம்பாய்க்கு மேற்கே 160 கிலோமீட்டர் தள்ளி, 'சாகர் சாம்ராட்' என்ற துரப்பண மேடை கடலடியில் எண்ணெயைத் தொட்டது. பம்பாய் ஹை பிறந்தது. 1976 மே மாதம் அங்கே உற்பத்தி தொடங்கியது. ஆனால் 1979-இல் ஈரானில் ஷா வீழ்ந்தார், விலை மறுபடி 30 டாலருக்கு மேலே போனது. அதே வேளையில் அசாம் கிளர்ச்சிக்காரர்கள் கச்சா எண்ணெய் வெளியே போகாமல் மறித்தார்கள். 1980-81-இல் இந்தியா ஏற்றுமதி செய்து ஈட்டியது 6,711 கோடி ரூபாய். எண்ணெய் வாங்கக் கொடுத்தது 5,264 கோடி. அன்றைய நிதியமைச்சர் ஆர். வெங்கட்ராமன் காலத்தில், 1981 நவம்பரில், பன்னாட்டு நாணய நிதியத்திடம் 500 கோடி எஸ்.டி.ஆர். (அந்த நிதியத்தின் கணக்கு அலகு) கடன் கையெழுத்தானது. அந்த நிதியம் அதுவரை எந்த நாட்டுக்கும் அவ்வளவு பெரிய தொகையை ஒப்புக்கொண்டதில்லை. கடனாளியான நாடு கரையேறியதா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

கரையேறியது. அதுதான் சிக்கல்.

வேண்டாம் என்று சொன்ன 110 கோடி

1984 மே மாதம் இந்தியா பன்னாட்டு நிதியத்துக்கு ஒரு தகவல் அனுப்பியது. ஒப்புக்கொண்ட 500 கோடியில் 390 கோடி எஸ்.டி.ஆர். எடுத்துக்கொண்டோம், மீதி 110 கோடி எங்களுக்குத் தேவையில்லை என்பதே அதன் சாரம். அப்போது நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. கடன் வாங்கிய நாடுகள் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று வரிசையில் நின்ற காலம் அது. மெக்சிகோவும் பிரேசிலும் தவணை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஓர் ஏழை நாடு பணம் வேண்டாம் என்று சொன்னதில் பெருமை இருந்தது, பெருமைக்குக் காரணமும் இருந்தது. அந்தக் காரணம் அரபிக் கடலில் நின்றுகொண்டிருந்த இரும்பு மேடைகள்.

1980-81-இல் இந்தியா முழுவதும் எடுத்த கச்சா எண்ணெய் 1 கோடியே 5 லட்சம் டன். அசாம் மறியல் அடித்த அடி அதில் சேர்ந்திருக்கிறது. நான்கே ஆண்டுகளில், 1984-85-இல், அது 2 கோடியே 90 லட்சம் டன்னாக வளர்ந்தது. உலகில் வேறெந்த ஏழை நாட்டுக்கும் இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி ஒரு கை உதவி கிடைத்தது அபூர்வம். ஓ.என்.ஜி.சி.யின் பொறியாளர்களுக்குச் சேர வேண்டிய புகழ் இது. அவர்களுக்கு அது முழுதாகக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

இந்த வெற்றியிலேயே ஒரு வேடிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. பம்பாய் ஹை எண்ணெய் இலகுவானது. நம் சுத்திகரிப்பு ஆலைகளோ பெரும்பாலும் வளைகுடா எண்ணெயை நினைத்துக் கட்டப்பட்டவை. மணலி ஆலையையே எடுத்துக்கொள்ளலாம்: ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனமும் அமெரிக்காவின் அமோக்கோவும் பங்காளிகளாக இருந்து, ஈரானின் டேரியஸ் வயல் எண்ணெய்க்கென்றே வடிவமைத்த ஆலை அது. சொந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது, அதை இறைக்கும் வாளி இல்லை என்ற நிலை. அதனால் எண்பதுகளின் முற்பகுதியில் சில ஆண்டுகள், எண்ணெய்க்காகக் கடன் வாங்கிய இந்தியா தன் கச்சா எண்ணெயில் ஒரு பகுதியைக் கப்பலேற்றி விற்றது. விற்ற கையோடு டீசலும் மண்ணெண்ணெயும் வெளியிலிருந்து வாங்கியது. ஆலைகளை மாற்றியமைத்த பிறகு இந்த விசித்திரம் முடிந்தது.

ஒரே ஒரு கழித்தல்

இந்தத் தொடரில் இதுவரை டாலரிலும் ரூபாயிலும் பேசினோம். விலை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு கண்ணைக் கட்டிவிடும். இந்த வாரம் டன்னில் மட்டும் பார்க்கலாம். நாடு ஓராண்டில் எரித்த பெட்ரோலியப் பொருள்களின் எடையிலிருந்து, நாட்டுக்குள் எடுத்த கச்சா எண்ணெயின் எடையைக் கழித்தால் போதும். சுத்திகரிக்கும்போது கரையும் சிறு பங்கை விட்டுவிடலாம்; கதையின் போக்கை அது மாற்றாது.

1980-81: எரித்தது 3 கோடியே 9 லட்சம் டன். எடுத்தது 1 கோடியே 5 லட்சம். இடைவெளி 2 கோடி டன்னுக்குச் சற்று மேல்.

1984-85: எரித்தது 3 கோடியே 85 லட்சம். எடுத்தது 2 கோடியே 90 லட்சம். இடைவெளி ஒரு கோடி டன்னுக்கும் குறைவு.

1989-90: எரித்தது 5 கோடியே 41 லட்சம். எடுத்தது 3 கோடியே 41 லட்சம். இடைவெளி மறுபடி 2 கோடி டன்.

மூன்றாவது வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். 1989-90 இந்தியா அதுவரை கண்டிராத உற்பத்தி ஆண்டு. பம்பாய் ஹையும் அதன் பக்கத்து வயல்களும் உச்சியில் நின்றன. அப்படிப்பட்ட ஆண்டில் பற்றாக்குறை, கிளர்ச்சியும் மறியலும் நடந்த 1980-81-இன் அளவுக்கே வந்து நின்றது. சதாம் உசேனின் படைகள் குவைத் எல்லையைத் தாண்டியது 1990 ஆகஸ்ட் 2. நம் இடைவெளி அதற்கு முன்பே, 1990 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலேயே, பழைய ஆழத்துக்குப் போய்விட்டது. 1991-இன் அந்நியச் செலாவணி நெருக்கடியை வளைகுடாப் போர் கொண்டுவந்த விபத்து என்று பாடப்புத்தகங்களும் அரசியல் மேடைகளும் சொல்லிவருகின்றன. டன் கணக்கு அந்தக் கதையை ஏற்க மறுக்கிறது. பம்பாய் ஹை நாட்டுக்குப் பத்தாண்டு அவகாசம் வாங்கித் தந்தது. அந்த அவகாசத்தை நாடு ஐந்தாண்டில் எரித்துத் தீர்த்தது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அவ்வளவுதான். எங்கே எரிந்தது என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

யார் எரித்தார்கள்?

எண்பதுகள் என்றதும் நினைவுக்கு வருவது மாருதி கார். 1983 டிசம்பரில் முதல் சாவியை வாங்கினார்கள். ஓசூரிலிருந்து நூறு சி.சி. பைக்குகள் வரத் தொடங்கின. ஆகவே நடுத்தர வர்க்கம் பெட்ரோலாகக் குடித்துத் தீர்த்தது என்ற எண்ணம் எளிதில் வருகிறது. இடதுசாரிப் பத்திரிகைகள் அப்போது அதையே எழுதின. ஆனால் 1990-91-இல் இந்தியா எரித்த 5 கோடியே 50 லட்சம் டன்னில் பெட்ரோல் வெறும் 35 லட்சம் டன். பத்தாண்டில் அது இரட்டிப்பானது உண்மை, எனினும் மொத்தத்தில் அது பதினைந்தில் ஒரு பங்குதான். மாருதியை நிரபராதி என்று சொல்லவில்லை. முதல் குற்றவாளி அது இல்லை.

டீசலைப் பாருங்கள். 1980-81-இல் 1 கோடியே 3 லட்சம் டன்; 1990-91-இல் 2 கோடியே 11 லட்சம் டன். மண்ணெண்ணெய் 42 லட்சத்திலிருந்து 84 லட்சம் டன். இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல். பத்தாண்டில் கூடிய 2 கோடியே 40 லட்சம் டன்னில் 1 கோடியே 50 லட்சம் டன் இந்த இரண்டால் மட்டுமே வந்தது. இரண்டின் விலையையும் டெல்லிதான் நிர்ணயித்தது.

டீசலின் கதை ரயிலில் தொடங்குகிறது. 1950-51-இல் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்டவாளத்தில் போனது. 1990 வாக்கில் அது சுமார் 60 விழுக்காட்டுக்கு இறங்கியது. பயணிகள் கட்டணத்தை உயர்த்த எந்த ரயில்வே அமைச்சருக்கும் மனம் வரவில்லை. அந்த நட்டத்தைச் சரக்குக் கட்டணத்தின் தலையில் ஏற்றினார்கள். வேகன்களோ நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் உணவு தானியத்துக்குமே போதவில்லை. மற்ற சரக்கெல்லாம் லாரிக்கு வந்தது. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தின் செழிப்பில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டன் சரக்கை ஒரே தூரம் கொண்டுபோக ரயிலுக்கு ஆகும் எரிபொருள் லாரிக்கு ஆவதைவிடப் பல மடங்கு குறைவு. சரக்கு தண்டவாளத்தைவிட்டு இறங்கிய ஒவ்வொரு முறையும் வளைகுடாவுக்கு ஒரு சிறு காசோலை எழுதப்பட்டது. இதோடு மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாநில மின் வாரியங்கள் கைவிட்ட இடத்தில் ஆலைகள் ஜெனரேட்டர் வாங்கின, மின் இணைப்புக்குக் காத்திருந்த விவசாயி ஆயில் இன்ஜின் ஓட்டினார். மின்சாரத் துறையின் தோல்வி எண்ணெய் இறக்குமதிக் கணக்கில் பதிவானது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. பொருளியல் அறிஞர் சுகமய் சக்ரவர்த்தி தலைமையிலான எரிபொருள் கொள்கைக் குழு 1974-இலேயே அறிக்கை தந்தது. நாட்டின் முதன்மை எரிபொருள் நிலக்கரியாக இருக்கட்டும், எண்ணெய்க்கு மாற்று இருக்கும் இடத்திலெல்லாம் மாற்றிவிடுங்கள் என்பது அதன் வழிகாட்டல். அந்த அறிக்கை வந்த வருடமே பம்பாய் ஹையும் வந்தது. சிக்கனம் சொன்ன அறிக்கைக்கு இதைவிடக் கெட்ட ஜாதகம் இருக்க முடியாது.

மண்ணெண்ணெய் கொஞ்சம் சிக்கலான விஷயம். தமிழில் அதற்குச் 'சீமெண்ணெய்' என்று ஒரு பெயர் உண்டு. சீமையிலிருந்து வந்த எண்ணெய். பெயரிலேயே இறக்குமதி இருக்கிறது. மின்சாரம் போகாத ஊர்களின் விளக்கும், விறகு கிடைக்காத நகரக் குடிசைகளின் அடுப்பும் அதில்தான் எரிந்தன. அதை மலிவாகத் தர வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்டறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. டீசலைவிட மலிவாக ஒரு பொருள் ரேஷன் கடையில் கிடைத்தால், அதில் ஒரு பங்கு அடுப்புக்குப் போகும் வழியில் லாரி டாங்கிக்குள் திரும்பிவிடும். கலப்படம் என்று அதைக் காவல் துறையின் விஷயமாக்கினோம். விலைப்பட்டியலே அதற்கு அழைப்பிதழ் வைத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள விருப்பமில்லை.

இந்த விலைப்பட்டியலுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. எழுபதுகளின் நடுவில் வந்த நிர்வாக விலை முறை அது. ஆலைக்கு அதன் செலவும், சொந்த முதலீட்டின் மேல் வரி போக 12 விழுக்காடு லாபமும் உறுதி. பங்க்கில் விற்கும் விலையை அரசு சொல்லும். இரண்டுக்கும் நடுவே வரும் ஏற்ற இறக்கமெல்லாம் 'எண்ணெய்ப் பொதுக் கணக்கு' என்ற குளத்தில் போய்ச் சேரும். பெட்ரோலில் கூடுதலாக வாங்கி மண்ணெண்ணெயில் கொட்டும் ஏற்பாடு. இதைக் குற்றம் சொல்வோர் எல்லாமே மானியம் என்பார்கள், அது சரியில்லை. உலக விலை சரிந்திருந்த ஆண்டுகளில் இந்தக் குளத்தில் உபரிகூட இருந்தது. கோளாறு வேறிடத்தில். குளம் நடுவில் இருந்ததால், வெளியே விலை ஏறினாலும் இறங்கினாலும் லாரிக்காரருக்கோ ஆலை முதலாளிக்கோ ரயில்வேக்கோ அது தெரியவே தெரியாது. தெரியாததற்கு ஏற்ப யாரும் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு கசிவு வானத்திலேயே தெரிந்தது. கச்சா எண்ணெயோடு எரிவாயுவும் மேலே வரும். அதை அமுக்கிக் குழாயில் அனுப்ப வசதி இல்லையென்றால் மேடையிலேயே கொளுத்திவிட வேண்டும். கெயில் நிறுவனம் 1984-இல்தான் உருவானது. ஹசீராவிலிருந்து வடக்கே போகும் பெருங்குழாய் அதன் பிறகு. 1990-91-இல்கூட, எடுத்த 1,800 கோடி கன மீட்டர் வாயுவில் 510 கோடி கன மீட்டர் வீணாகக் கொளுத்தப்பட்டது. வெப்பத்தில் அது ஏறத்தாழ 45 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமம். அதே ஆண்டு வெளியிலிருந்து வாங்கிய டீசல், மண்ணெண்ணெய் முதலான பொருள்கள் 87 லட்சம் டன். பாதிக்கு மேற்பட்டதை வாங்கி வந்த கப்பல்கள், கொளுத்தப்பட்ட சுடரின் வெளிச்சத்தில் கரை சேர்ந்தன என்றால் மிகையாகாது.

கெட்ட அதிர்ஷ்டம் போலத் தெரியாத அதிர்ஷ்டம்

1986-இல் சவுதி அரேபியா உற்பத்தியைக் கூட்டியது. 27 டாலர் அளவில் இருந்த பேரல் சில மாதங்களில் பாதிக்கும் கீழே விழுந்தது. இந்தியாவின் எண்ணெய் இறக்குமதிச் செலவு 1985-86-இல் 4,989 கோடி ரூபாய். 1986-87-இல் 2,811 கோடி. எரிந்த டன் குறையவில்லை, கூடியது. பில் மட்டும் சுருங்கியது. எந்த நிதியமைச்சருக்கும் இதைவிட இனிய செய்தி இல்லை. எந்த நாட்டுக்கும் இதைவிட ஏமாற்றும் செய்தியும் இல்லை. இடைவெளி டன்னில் வளர்ந்துகொண்டிருந்தபோது அது பணத்தில் மறைந்திருந்தது. 1989-90-இல் விலை இன்னும் மலிவாகவே இருந்தபோதும் பில் 6,274 கோடியைத் தொட்டதும், பார்க்க விரும்பியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு டெல்லியில் ஆட்சி மாறிக்கொண்டிருந்தது.

பதினொரு மாதங்கள்

1990 ஆகஸ்ட் 2: குவைத். ஐந்து நாள் கழித்து பிரதமர் வி.பி. சிங் மண்டல் குழுவின் இடஒதுக்கீட்டுப் பரிந்துரையை நிறைவேற்றப்போவதாக அறிவித்தார். நாடு முழுவதும் அடுத்த மூன்று மாதம் வேறொன்றைப் பற்றிப் பேசவில்லை. ஈராக்கும் குவைத்தும் இந்தியா எண்ணெய் வாங்கிவந்த இடங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் அடைபட்டன. ரூபாய் வணிகத்தில் டீசலும் மண்ணெண்ணெயும் தந்துவந்த சோவியத் ஒன்றியம் தானே தள்ளாடிக்கொண்டிருந்தது. உடனடிச் சந்தையில், ரொக்க டாலரில் வாங்க வேண்டியதாயிற்று. ஜூலையில் 17 டாலர் அளவில் இருந்த பேரல் அக்டோபரில் 40-ஐத் தாண்டியது. குவைத்திலிருந்து ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்களை அம்மான் வழியாக விமானங்களில் ஏற்றி அழைத்து வந்தார்கள். அந்த மீட்பு இன்றும் வியக்கத்தக்கது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதற்கு இன்னொரு பக்கம் உண்டு: அவர்கள் மாதாமாதம் ஊருக்கு அனுப்பிய டாலர் நின்றுபோனது.

அக்டோபரில் அரசு 'வளைகுடா மேல்வரி' போட்டது, 25 விழுக்காடு. வினியோகத்தையும் இறுக்கியது. விளைவைக் கவனிக்க வேண்டும்: முந்தைய ஐந்தாண்டு ஆண்டுக்கு 7 விழுக்காடு வேகத்தில் வளர்ந்துவந்த நுகர்வு, 1990-91-இல் 2 விழுக்காடுகூட வளரவில்லை. இந்தியாவின் எண்ணெய்ப் பசி இயற்கை விதி, அதை அடக்க முடியாது என்று சொல்லிவந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் பதில் கிடைத்தது. ஐந்தாண்டு முன்னால், நிதானமாக, சிறுகச் சிறுகச் செய்திருக்கக்கூடிய ஒன்றைக் கழுத்தில் கத்தி இருக்கும்போது செய்தார்கள்.

நவம்பரில் வி.பி. சிங் ஆட்சி கவிழ்ந்தது. காங்கிரசின் தயவில் சந்திரசேகர் பிரதமரானார், யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சர். டிசம்பரில் நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன் ரிசர்வ் வங்கி ஆளுநர் பதவியை ஏற்றார். ஜனவரியில் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 180 கோடி டாலர் வந்தது. அதில் ஒரு பகுதி, எண்ணெய் விலையேற்றத்தால் அடிபட்ட நாடுகளுக்கென்றே நிதியம் அவசரமாகத் திறந்த சாளரத்தின் வழியாக. அதே ஜனவரியில் வளைகுடாவுக்குப் பறந்த அமெரிக்க ராணுவப் போக்குவரத்து விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும் நம் மீனம்பாக்கத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. எண்ணெய்க்குத் தவித்த நாடு எண்ணெய்ப் போருக்குப் பங்க் திறந்திருந்தது. காங்கிரஸ் கடுமையாக எதிர்த்ததும் அது நிறுத்தப்பட்டது.

ஜனவரி 17 அன்று பாக்தாத் மீது குண்டு விழத் தொடங்கியதும் பேரல் விலை ஒரே நாளில் 20 டாலர் அளவுக்குச் சரிந்தது. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். போரும் விலையும்தான் நோய் என்றால் அன்றோடு காய்ச்சல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பிப்ரவரியில் பட்ஜெட்டை முழுதாகத் தாக்கல் செய்ய முடியவில்லை. மார்ச்சில் ஆட்சி போனது. வெளிநாட்டு இந்தியர்கள் வைப்புத் தொகையை உருவிக்கொண்டார்கள். தேர்தல் நடந்துகொண்டிருந்த மே மாதத்தில், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி மூலம் வெளிநாடு போனது. ஜூலை 4 முதல் 18 வரை ரிசர்வ் வங்கியின் பெட்டகத்திலிருந்தே ஏறத்தாழ 47 டன் தங்கம் விமானமேறியது. வட்டிக்கடைப் படியேறும் குடும்பத்தலைவியின் கூச்சம் ஒரு நாட்டுக்கே வந்தது. இரண்டு முறையும் சேர்ந்து கிடைத்தது சுமார் 60 கோடி டாலர். 1990-91-இன் எண்ணெய் இறக்குமதிச் செலவு 600 கோடி டாலர். அதாவது 67 டன் தங்கத்துக்கும் ஈடாகக் கிடைத்தது ஐந்து வாரத்து எண்ணெய்.

எதிர்வாதங்கள்

என் வாதத்தைச் சாய்க்கக்கூடிய ஒரு புள்ளிவிவரத்தை நானே எடுத்து வைக்கிறேன். 1980-81-இல் ஏற்றுமதி வருவாயில் 78 விழுக்காடு எண்ணெய்க்குப் போனது. 1990-91-இல் எண்ணெய் 10,816 கோடி, ஏற்றுமதி 32,553 கோடி. மூன்றில் ஒரு பங்குதான். சுமை பாதிக்கும் குறைவாக இருந்த ஆண்டிலா நாடு சாய்ந்தது? அப்படியானால் எண்ணெயை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்? மத்திய அரசின் பற்றாக்குறையும் குறுகிய காலக் கடனுமே உண்மைக் குற்றவாளிகள் என்று பொருளியலாளர்கள் பலர் சொல்வது சரிதானே?

பாதி சரி. 1980-இல் கடன் குறைவு, இருந்ததும் பெரும்பாலும் சொற்ப வட்டிக்கு, கையிருப்பு இருந்தது. 1991-இல் அந்த மெத்தை இல்லை. ஆனால் மெத்தை எப்படித் தேய்ந்தது? எண்பதுகளின் பிற்பகுதியில் வணிக வங்கிகளிடம் வாங்கிய டாலர் கடன், ஆண்டுதோறும் விழுந்த வெளிவணிகப் பள்ளத்தை நிரப்பவே போனது. இடைவெளியை 1984-85 அளவிலேயே நிறுத்தியிருந்தால், தோராயமாகச் சொன்னால், 1989-90-இன் எண்ணெய் பில் பாதியாகியிருக்கும். 3,000 கோடி ரூபாய் அந்த ஓராண்டிலேயே மிஞ்சியிருக்கும். கடனையும் எண்ணெயையும் இரண்டு தனி வழக்குகளாகப் பிரிப்பவர்கள், ஒரே சாட்சியை இரண்டு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்கள். ஆயுத இறக்குமதிக்கும் உர மானியத்துக்கும் இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் எதற்கும் பம்பாய் ஹை போல ஒரு தீர்வு கைக்கு வந்து நழுவவில்லை.

இன்னொன்று தார்மீக எதிர்வாதம், அது கனமானது. 1991 கணக்கெடுப்பில் மக்கள் 84 கோடியே 60 லட்சம். தலைக்கு ஆண்டில் 65 கிலோ எண்ணெய்ப் பொருள். இதை ஊதாரித்தனம் என்று அழைக்க யாருக்கும் உரிமை இல்லை. உண்மை. வளரும் நாடு கூடுதலாகவே எரிக்கும், எரிக்கவும் வேண்டும். ஆனால் ரயிலில் போயிருக்க வேண்டிய சிமென்ட்டை லாரி சுமந்ததால் எந்த ஏழையும் வளரவில்லை. மேடையில் கொளுத்திய வாயு எந்த அடுப்பையும் மூட்டவில்லை. டீசலில் கலந்த சீமெண்ணெய் எந்தக் குடிசையிலும் விளக்காகவில்லை. ஏழையின் பெயரில் எழுதிய பில்லில் ஏழை வாங்காத பொருள்கள் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மூன்றாவது: வயல் வயதாகும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்? இதற்கு விதியைவிட அவசரம்தான் நல்ல விளக்கம். ஆண்டு இலக்கை எட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் பம்பாய் ஹையைக் கடுமையாக இறைத்தார்கள்; அழுத்தம் விழுந்தது, பல கிணறுகளில் எண்ணெயைவிட வாயு கூடுதலாக வரத் தொடங்கியது. தேசிய உற்பத்தி 1989-90-இன் 3 கோடியே 41 லட்சம் டன்னிலிருந்து மூன்றே ஆண்டில் 2 கோடியே 70 லட்சத்துக்கு இறங்கியது. நரிமணம் போன்ற காவிரிப் படுகை வயல்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பும் அளவுக்குப் பெரியவை இல்லை.

ஜூலை 24

கடைசித் தங்கப் பெட்டி கிளம்பி ஆறு நாள் ஆகியிருந்தது. ரூபாயின் மதிப்பை மாதத் தொடக்கத்தில் இரண்டு முறை குறைத்தாயிற்று. புதிய நிதியமைச்சர் மன்மோகன் சிங் பட்ஜெட் உரைக்கு எழுந்தார். தொழில், வணிகம், அந்நிய முதலீடு என்று நாற்பதாண்டுச் சுவர்கள் விழப்போகின்றன என்பது அவையில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் விலை விஷயத்துக்கு வந்தபோது அவர் அறிவித்தது இது: பெட்ரோலும் சமையல் வாயுவும் 20 விழுக்காடு ஏறும். டீசல் விலை ஏறாது. வீட்டு உபயோக மண்ணெண்ணெய் விலை 10 விழுக்காடு குறையும்.

மொத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கான பெட்ரோலுக்கு அடி. பாதிக்கு மேலான இரண்டுக்கும் அடைக்கலம். தங்கத்தை அடகுவைத்த காரணத்தை நன்றாக அறிந்திருந்த ஒருவர், இந்தியாவின் எல்லாக் கதவுகளையும் திறந்த அந்த மாலையில், இந்த ஒரு கதவை மட்டும் ஏன் இன்னும் இறுக்கிச் சாத்தினார்?

(தொடரும்)